பட்டி பார்த்த ஹெல்மெட்

இந்த வருஷம் ஆறு ரேஸ். மூன்றில் விழுந்தான். ஒன்றில் ஜெயித்தான். ஐந்தாவதில் எந்தப் பக்கமாக ஓட்டுவது என்பதையே மறந்துபோனான். ஆறாவது ஓடவில்லை.

அவ்வளவுதான். வண்டியை ஏன் விக்கிறீங்கன்னு கேட்டீங்க, சொல்லிவிட்டேன். வண்டியில் ஒரு குறையும் கிடையாது. உதைத்துப் பாருங்க. ஒரே உதை. ரெண்டாவது உதை கேட்டால் நீங்க வாங்கவே வேண்டாம்.

சரி, உட்காருங்க. அந்த ஸ்டூல் வேண்டாம், அதில் கிரீஸ். இதை இழுத்துப் போடுங்க. கோபியிலிருந்து பைக்கிலேயே வந்தீங்களா? அந்த ஹெல்மெட்டை இப்படிக் குடுங்க.

ம். இந்தாங்க. நல்லாத்தான் இருக்கிறது. ஏன் தட்டிப் பார்த்தேன்னு கேட்காதீங்க. பழக்கம். இப்போ வந்த பழக்கம்.

ஓட்டினவன் பூபதி. என் தங்கச்சி மகன், எனக்கு மருமகன் முறை. இருபத்தெட்டு வயசு. அவள் போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாச்சு. அதற்கப்புறம் அவனுக்கு ஆள் என்று சொன்னால் நான், அவன் பெண்டாட்டி தாரணி. பட்டறை என்னுது. இன்ஜின் வேலை முப்பத்தெட்டு வருஷம். கணபதியில் நஞ்சப்பன் பட்டறை எங்கேன்னு கேட்டுத்தானே வந்தீங்க? அப்புறம் நான் என்னத்தைச் சொல்ல.

அந்தக் கண்ணாடிப் பெட்டி தெரிகிறதா? மூலையில். அதில் ஒரு கோப்பை இருந்தது. இடுப்பு உயரம். மண் டிராக் ரேஸில் வருஷா வருஷம் கை மாறுகிற சுழற்கோப்பை. ஒரு வருஷம் முழுக்க எல்லா ஊர் ரேஸிலும் ஓடிப் புள்ளி சேர்க்க வேண்டும். யாருக்கு அதிகமோ அவனுக்குக் கோப்பை. அடுத்த வருஷம் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆனால் ஒருத்தன் தொடர்ந்து மூணு வருஷம் ஜெயித்தால் அது அவனுக்கே. திருப்பித் தர வேண்டியதில்லை. இதுவரைக்கும் ஒருத்தனும் அப்படி எடுத்ததில்லை. பூபதி ரெண்டு வருஷம் எடுத்துவிட்டான். இது மூணாவது.

இப்போ அந்தப் பெட்டியில் சாவிக்கொத்து கிடக்கிறது.

எல்லாத்துக்கும் காரணம் போத்தனூர் வின்சென்ட். அந்தப் பேரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க. நீங்க டிராக்கில் இறங்கினால் பார்ப்பீங்க. இந்த வருஷம் பார்க்க மாட்டீங்க. அவனுக்குத் தடை போட்டிருக்கிறார்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஜனவரியில் பொள்ளாச்சி. முதல் ரேஸ். மண்ணை மலை மாதிரிக் குவித்து, உச்சியை மேஜை மாதிரித் தட்டையாக்கி வைத்திருப்பார்கள். ஏறுகிற வேகத்தில் வண்டி பறக்கும். அந்தப் பக்கச் சரிவில் இறங்க வேண்டும். கடைசிச் சுற்று. பூபதி பறந்தான். வண்டி இறங்கியது. அவன் அதற்கு முன்னாடியே இறங்கிவிட்டான், தலை கீழாக. தேங்காயை அரைகுறையாக உடைத்தால் ஒரு சத்தம் வருமே, அது.

எழுந்துவிட்டான். எழுந்து ஓடி வண்டியைத் தூக்கி ஓட்டி மூணாவதாக வந்தான். அதுதான் பூபதி. கைதட்டல் நிற்கவில்லை. கூடாரத்துக்கு வந்தான், ஹெல்மெட்டைக் கழற்றினான், ஒரு சொம்பு தண்ணீர் குடித்தான். என்னைப் பார்த்தான்.

"மாமா, ரேஸ் எப்ப?"

எல்லாரும் சிரித்தோம். நானும்தான். கிண்டல்காரன் அவன்.

அப்புறம்தான் ஹெல்மெட்டைப் பார்த்தேன். உச்சியிலிருந்து காது வரைக்கும் விரிசல். உள்ளே தெர்மாகோல் இருக்கிறதே, அது ஒரு பக்கம் அப்பளமாட்டம் நசுங்கிக் கிடந்தது.

உங்களுக்குச் சட்டம் தெரியுமா? தெரியாது. கேளுங்க. ரேஸுக்கு முன்னாடி வண்டியையும் ஹெல்மெட்டையும் மேஜையில் வைத்துச் சோதனை போடுவார்கள். சரியாக இருந்தால் வருஷத்துக்கு ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். உடைந்த ஹெல்மெட்டைப் பார்த்தால் ஸ்டிக்கரைக் கிழித்துவிடுவார்கள். அதோடு விட்டால் பரவாயில்லை. ஹெல்மெட் உடைந்திருக்கிறது என்றால் தலையும் அடிபட்டிருக்கும், டாக்டர் சீட்டு கொண்டு வா, ஸ்கேன் கொண்டு வா, ஒரு மாசம் உட்கார் என்பார்கள். ஒரு மாசம் உட்கார்ந்தால் ஈரோடு போச்சு. ஈரோடு போனால் கோப்பை போச்சு. புரிகிறதா?

அதனால் மறுநாள் மத்தியானம் பட்டி பார்த்தேன்.

என்ன முழிக்கிறீங்க? கார் கதவு ஒடுங்கினால் பட்டி போட்டுத் தேய்த்துப் பெயிண்ட் அடிக்கிறார்களே, அதே பட்டிதான். விரிசலை உப்புத்தாளால் தேய்த்தேன். பட்டியை வழித்தேன். காய்ந்ததும் தண்ணீர்த் தாளில் தேய்த்தேன். மஞ்சள் பெயிண்ட், மேலே சிவப்புக் கோடு, பழைய கோடு எங்கே இருந்ததோ அங்கேயே. மேலே லேக்கர். ஸ்டிக்கர் மேல் ஒரு துளி படவில்லை. உள்ளே நசுங்கின இடத்தில் பழைய சீட்டு ஸ்பாஞ்சை வெட்டி ஒட்டி, உள்துணியை இழுத்து மூடினேன். கடையில் விற்பனைக்கு வைக்கலாம், அப்படி இருந்தது. அந்த வேலையைச் செய்ய இந்த ஊரில் வேறு கை கிடையாது.

பூபதி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான்.

"மாமா, இது தாங்குமுங்களா?"

"தாங்கும். நீ விழாம ஓட்டு."

சரியாத்தானே சொன்னேன்?

டீ வருகிறது. குடியுங்க. சர்க்கரை போதுமா? எனக்குப் போடக் கூடாது, உங்களுக்குப் போடலாம்.

ஈரோட்டில் காலைப் பயிற்சியிலேயே விழுந்தான். பெரிய அடி இல்லை. எழுந்து வந்து கூடாரத்துக்குப் பின்னால் வாந்தி எடுத்தான். ரோட்டோரம் பஜ்ஜி தின்றிருந்தான், அதுதான். மத்தியானம் ஓட்டி ரெண்டாவதாக வந்தான். பஜ்ஜிதான் என்றால் பஜ்ஜிதான்.

அந்த வாரம் தாரணி வந்தாள். பீளமேட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவளும் என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள். பட்டறைக்குள் வர மாட்டாள், வாசலில்தான் நிற்பாள், சேலையில் ஆயில் படும் என்று. அன்றைக்கு உள்ளே வந்தாள். நீங்க உட்கார்ந்திருக்கிற இடத்தில்தான் நின்றாள்.

"மாமா, அவரு முந்தாநேத்துச் சாயங்காலம் வாசல்ல நின்னுக்கிட்டு, அம்மா எங்க போயிட்டாங்கன்னு கேக்கறாருங்."

"எந்த அம்மா?"

"அவங்க அம்மாதானுங் மாமா."

என் தங்கச்சியை. ஆறு வருஷத்துக்கு முன்னால் நான்தான் தூக்கிக்கொண்டு போனேன்.

"நீ என்ன சொன்னே?"

"கடைக்குப் போயிருக்காங்கன்னு சொன்னனுங். வேற என்ன சொல்றது? சரின்னு போயிட்டாரு. அப்புறம் அதைப் பத்திப் பேசவே இல்லீங்."

"தூக்கம் பத்தல. வெயிலு. மோர் குடு."

"ஆஸ்பத்திரிக்கு ஒருக்கா கூட்டிட்டுப் போலாங்ளா?"

"சீசன் முடியட்டும். ஆறு ரேஸு. ரெண்டு முடிஞ்சுது."

டீச்சர் இல்லையா, கணக்குப் போடத் தெரியும். நாலு பாக்கி என்று போய்விட்டாள்.

சேலத்தில்தான் வின்சென்ட் ஆரம்பித்தான்.

இவன் யார் என்று சொல்ல வேண்டும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இவன் என் வண்டியைத்தான் ஓட்டினான். நான்தான் கொண்டு வந்தேன். நல்ல கை. ஒரு தடவை தாராபுரத்தில் விழுந்தான். நெற்றியில் சின்ன அடி. அந்த ஹெல்மெட்டுக்கும் நான்தான் பட்டி பார்த்துக் கொடுத்தேன். ரெண்டு ரேஸ் ஓட்டினான், ரெண்டாவதில் மறுபடி விழுந்தான், அதோடு வேற பட்டறைக்கு ஓடிவிட்டான். விசுவாசம் கிடையாது. கேட்டால் மூக்கு போயிடுச்சு என்கிறான். மணம் தெரியாதாம். காபி குடித்தால் வெந்நீர் மாதிரி இருக்கிறதாம். சோறு தீய்ந்தால் பெண்டாட்டி சொல்ல வேண்டுமாம். ஒரு மூக்குக்காக ஒரு மனுஷன் பன்னிரண்டு வருஷம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவானா, நீங்களே சொல்லுங்க.

சேலத்தில் சோதனை மேஜை. வரிசையில் எனக்குப் பின்னால் நிற்கிறான். பூபதி ஹெல்மெட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான்.

"ஏனுங்ணா, பெயிண்டு புதுசாட்ட இருக்குது?"

"உனக்கெப்படிடா தெரியும்? வாசம் அடிக்குதா?"

சுத்தி நின்றவர்கள் சிரித்தார்கள். அவனுக்கு மூக்கு இல்லாதது எல்லாருக்கும் தெரியும். அவன் சிரிக்கவில்லை. கையை நீட்டி ஹெல்மெட்டை விரல் முட்டியால் தட்டினான். இந்தப் பக்கம் ஒரு தட்டு. அந்தப் பக்கம் ஒரு தட்டு.

"சார், கேளுங்க. இங்க ஒரு சத்தம். இங்க வேற சத்தம். இது பட்டி பார்த்ததுங் சார். எனக்குத் தெரியும்."

சோதனை போடுகிறவர் ஒரு மூக்குக் கண்ணாடிக்காரர், சென்னையிலிருந்து வருகிறவர். திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஸ்டிக்கர் இருக்கிறது. பளபளவென்று இருக்கிறது. "எழுதிக் குடுங்க, பாக்கறேன்" என்றார். வின்சென்ட் எழுதிக் கொடுத்தான். அரை மணி நேரம் பார்த்தார்கள். ஒண்ணும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"வின்சென்ட், போய் உங்க வண்டியைப் பாருங்க" என்று சொல்லி அனுப்பினார்.

என் வேலை அப்படி. சொன்னேனே.

அன்றைக்குத்தான் பூபதி ஜெயித்தான். அவன் முதல், வின்சென்ட் ரெண்டாவது. மேடையில் நின்றபோது வின்சென்ட் குனிந்து அவன் காதில் என்னமோ சொன்னான். இறங்கி வந்ததும் கேட்டேன்.

"என்னடா சொன்னான்?"

"யாருங் மாமா?"

"வின்சென்டுடா. இப்ப மேல."

பூபதி திரும்பி மேடையைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். மேடை காலி. "தெரியலீங்" என்றான்.

சத்தம். மைக் சத்தத்தில் யாருக்குத்தான் கேட்கும்.

கொஞ்சம் எழுந்து நில்லுங்க. அட, நில்லுங்க. எடை எவ்வளவு? அறுபதா, அறுபத்திரண்டா? ம். கால் நீளம். இந்த வண்டிக்கு ஏத்த கால். எந்தப் பட்டறைக்காக ஓட்டப் போறீங்க? இன்னும் முடிவு பண்ணவில்லையா? சும்மா கேட்டேன். உட்காருங்க.

கரூரில் சமதரையில் விழுந்தான். மேடு இல்லை, வளைவு இல்லை, பக்கத்தில் ஒரு வண்டியும் இல்லை. நேராகப் போய்க்கொண்டே இருந்தவன் சிமெண்டு மூட்டை சரிகிற மாதிரி சரிந்தான். கையைக்கூட ஊன்றவில்லை. விழுகிறவன் கையை ஊன்றுவான். தூங்குகிறவன்தான் ஊன்ற மாட்டான். எனக்கு அது ஒரு மாதிரி இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் டயரில் காற்று கொஞ்சம் கூடுதல். நானே அளந்து பார்த்தேன். கூடுதல்தான்.

பட்டி அதே இடத்தில் பிளந்திருந்தது. ரெண்டாவது தடவை போட்டேன். இந்தத் தடவை கனமாக.

அதற்கப்புறம் அவன் வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே சாவியைத் தேடுவான். நட்டைக் கழற்றி வைத்துவிட்டு மாட்டினதா கழற்றினதா என்று என்னைக் கேட்பான். தலையின் ஒரு பக்கத்தைக் கையால் தாங்கிக்கொண்டே சாப்பிடுவான். பட்டறையில் ஒருத்தனும் பேசவில்லை. நான் பேசவில்லை, அதனால் அவர்களும் பேசவில்லை.

ஓசூர். ஐந்தாவது. அதைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன்.

நாலாவது சுற்று. பூபதி மூணாவதாகப் போகிறான். தூசு. வளைவில் திரும்பினான். எல்லாரும் இடப்பக்கம் திரும்பினார்கள், இவன் முழுசாகத் திரும்பிவிட்டான். வந்த வழியிலேயே வருகிறான். எதிரில் பத்து வண்டி. கொடி காட்டுகிறவர்கள் ஓடுகிறார்கள், கத்துகிறார்கள். அவன் வேகத்தைக் குறைக்கவே இல்லை. முகத்தில் ஒண்ணுமே இல்லை. வீட்டுக்குப் போகிறவன் மாதிரி வருகிறான். வருகிற வண்டியெல்லாம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக விலகி மண்ணில் உருள்கிறது. ஒருத்தன் மட்டும் விலகவில்லை. வண்டியைக் குறுக்கே போட்டு நிறுத்திவிட்டு, இறங்கி ஓடிவந்து, பூபதி வண்டியின் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கினான். ரெண்டு பேரும் விழுந்தார்கள், மெதுவாக.

வின்சென்ட்தான். எங்கே போனாலும் குறுக்கே வருவான், பார்த்தீங்களா?

பூபதியை வெளியே கொண்டு வந்தோம். வெயில், தண்ணீர் குடிக்கவில்லை என்று சொன்னேன். குளுக்கோஸ் கொடுத்தார்கள். அடுத்த ரேஸுக்கு டாக்டர் சீட்டு இல்லாமல் விடமாட்டோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அது ஒரு பெரிய விஷயமா? என் சிநேகிதர் ஒருத்தர் எழுதிக் கொடுத்தார். உடம்பு நன்றாக இருக்கிறது, ஓட்டலாம் என்று. பல் டாக்டர். டாக்டர் டாக்டர்தானே?

ஆறாவது நம்ம ஊரில். சொந்த மண். புள்ளியில் வின்சென்ட் முன்னாடி இருந்தான், கொஞ்சம்தான். பூபதி ஜெயித்து, வின்சென்ட் மூணுக்குக் கீழே போனால் கோப்பை நமக்கு. நடக்கக் கூடியதுதான். நடந்திருக்கிறது. கண்ணாடிப் பெட்டியைத் துடைத்து வைத்துவிட்டுத்தான் போனேன்.

காலையில் வேனில் போகும்போது பூபதி கேட்டான்.

"மாமா, ரேஸ் எப்ப?"

"மத்தியானம் ரெண்டு மணிக்கு."

அன்றைக்கு அந்தக் கேள்வி சரியாக இருந்தது. எனக்கு அதிலேயே பாதி பாரம் இறங்கிவிட்டது.

மேஜையில் ஸ்டிக்கர் பார்த்தார்கள், பல் டாக்டர் சீட்டைப் பார்த்தார்கள், விட்டுவிட்டார்கள். மைதானத்தில் தூசு அடங்கத் தண்ணீர் லாரி சுத்திக்கொண்டிருந்தது. நாங்கள் ஸ்டார்ட்டுக்குப் போகிறதுக்கு முன்னாடி முன்சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்போம். எல்லாப் பட்டறைக்காரனும் வைப்பான். வைத்துவிட்டு, வண்டியை அதன் மேல் ஏற்றி நசுக்கிவிட்டுத்தான் போவது. ஹெல்மெட்டை டேங்க் மேல் வைத்திருந்தான் பூபதி. கையுறையை மாட்டிக்கொண்டிருந்தான், வலது கையில் இடதை. நான் மாற்றிவிட்டேன். குனிந்து பழத்தை வைத்தேன். கற்பூரம் காற்றில் அணைந்தது. மறுபடி பற்ற வைத்தேன். நிமிர்ந்தேன்.

ஹெல்மெட் இல்லை.

இருபதடி தள்ளி வின்சென்ட் போய்க்கொண்டிருக்கிறான். ஹெல்மெட் அவன் கையில், வாரைப் பிடித்துத் தொங்கவிட்டுக்கொண்டு, தூக்குப்போசி கொண்டு போகிற மாதிரி. ஓடவில்லை. நடந்துதான் போனான். தண்ணீர் லாரி மெதுவாக வருகிறது. பின்சக்கரத்துக்கு முன்னால் குனிந்தான். நான் எலுமிச்சம்பழம் வைத்தேனே, அதே மாதிரி, அதே பதமாக, சக்கரத்துக்கு அடியில் வைத்தான். ஒதுங்கி நின்றான்.

கத்தினேன். லாரிக்காரனுக்கு எங்கே கேட்கும்.

பட்டென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். லாரி தண்ணீரைத் தெளித்துக்கொண்டே போய்விட்டது.

எல்லாரும் ஓடி வந்தார்கள். நல்ல ஹெல்மெட் என்றால் லாரி ஏறினாலும் ஓடு வளையும், நசுங்கும், நார் நாராகப் பிரியும். இது அப்படி உடையவில்லை. பட்டி பாளம் பாளமாகச் சிதறிக் கிடந்தது, விரல் கனத்தில். உள்ளே இருந்து நீல ஸ்பாஞ்சு பிதுங்கி நின்றது. மூக்குக் கண்ணாடிக்காரர் ஒரு பாளத்தைக் குனிந்து எடுத்தார். திருப்பிப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். ஈர மண்ணில் எல்லாரும் நின்றுகொண்டே இருந்தார்கள்.

"எழுதிக்கங்க சார்" என்றான் வின்சென்ட். "நாந்தான் வெச்சேன். அடுத்தவன் சாமானை உடைச்சதுக்கு என்ன தண்டனையோ எழுதிக்கங்க."

எழுதினார்கள். புள்ளி முழுக்க ரத்து. ஒரு வருஷம் தடை. கோப்பை ஓசூர்க்காரன் ஒருத்தனுக்குப் போயிற்று. அவனே எதிர்பார்க்கவில்லை.

நீங்களே யோசியுங்க. இவன் சும்மா இருந்திருந்தாலே போதும். பேசாமல் ஓட்டி மூணாவதாக வந்திருந்தால் கோப்பை இவனுக்கு. பதினாலு வருஷமாக ஓட்டுகிறான், ஒரு தடவைகூட எடுத்ததில்லை. கைக்கு வந்ததை லாரிக்கு அடியில் வைத்துவிட்டான். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. சட்டையைப் பிடித்தேன்.

"ஏன்டா, சும்மா ஓட்டினாலே உனக்குத்தானேடா? எதுக்குடா இந்த வேலை?"

அவன் என் கையை எடுத்துவிடவில்லை. அந்த ஈரத் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அண்ணா, மண்ணுல தண்ணி தெளிச்சா ஒரு வாசம் வருமாமா. எப்படிங்ணா இருக்கும்?"

கேட்கிற நேரமா அது? பைத்தியக்காரன். கையை விட்டுவிட்டேன்.

பூபதி கீழே உட்கார்ந்து மஞ்சள் துண்டுகளை ஒண்ணொண்ணாகப் பொறுக்கிக்கொண்டிருந்தான். ஒண்ணோடு ஒண்ணைப் பொருத்திப் பார்த்தான். நிமிர்ந்தான்.

"மாமா, ரேஸ் எப்ப?"

"முடிஞ்சுதுடா" என்றேன்.

இவனை மைதானத்திலிருந்து நேராக ஸ்கேனுக்குத்தான் கொண்டு போக வேண்டும், வேறு எங்கேயும் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். என் வேனில் நான்தான் கொண்டு போனேன். தாரணியைப் பள்ளிக்கூடத்தில் ஏற்றிக்கொண்டேன். வண்டியில் அவள் அவன் தலையைத் தொடவே பயந்தாள்.

டாக்டர் சின்ன வயசு. படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவில் ரத்தம் தேங்கியிருக்கிறதாம். ஒரே நாளில் வந்ததில்லையாம். மாசக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஊறினதாம். மூளையை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு நிற்கிறதாம்.

"இன்னொரு தடவை விழுந்திருந்தா?" என்று தாரணி கேட்டாள்.

"விழ வேண்டியதே இல்லீங்கம்மா. ஒரு மேட்டுல ஏறிக் குதிச்சிருந்தாப் போதும்."

அன்றைக்கு அந்த டிராக்கில் சுற்றுக்கு ஒன்பது மேடு.

அன்றைக்கே மண்டையில் ரெண்டு துளை போட்டு ரத்தத்தை எடுத்தார்கள். மேட்டில் குதித்தாலே போதும் என்றெல்லாம் டாக்டர்கள் சொல்வார்கள்தான், பயமுறுத்தினால்தான் நாம் கேட்போம் என்று. இருந்தாலும் அந்தப் படத்தை நானும் பார்த்தேன். ஒரு பக்கம் இருண்டு, பிறை மாதிரி. நான் பட்டி பார்த்த அதே பக்கம்.

ரெண்டு மாசம் கழித்துப் பூபதி பட்டறைக்கு வந்தான். தாரணிதான் கூட்டி வந்தாள். மொட்டைத் தலையில் முடி வளர்ந்துகொண்டிருந்தது, தையல் போட்ட இடம் மட்டும் வெள்ளையாக. இந்த வண்டியைச் சுற்றி வந்தான். சீட்டைத் துடைத்தான். ஏறி உட்கார்ந்தான். கிளட்சைப் பிடித்தான், விட்டான். பிடித்தான், விட்டான்.

"அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்டா" என்றேன். "புது ஹெல்மெட்டு வாங்கிக்கலாம்."

தாரணி என்னைப் பார்த்தாள். அவ்வளவு நாளில் அவள் அப்படி என்னைப் பார்த்ததில்லை. நான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன்? புது ஹெல்மெட் என்றுதானே சொன்னேன்.

பூபதி இறங்கினான். "வித்துருங் மாமா" என்றான். "எனக்கு ஏறும்போது எந்தப் பக்கம் போறதுன்னு தெரியலீங். ஏறி உக்காந்தா நல்லாத்தான் இருக்குது. எந்தப் பக்கம்னுதான் தெரியலை."

அவனாகச் சொன்னது. நான் ஒண்ணும் வற்புறுத்தவில்லை. போட்டி நடத்துகிறவர்களுக்கும் அவனே கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்துவிட்டான், இனி ஓட்டுவதில்லை என்று. கையெழுத்து சரியாக இருந்தது.

அதனால்தான் வண்டி விற்கிறது. இப்போ கேளுங்க விலையை. பொறுங்க. ஒண்ணு பாக்கி இருக்கிறது. சொல்லாமல் விட்டால் நெஞ்சில் நிற்கும்.

மாசா மாசம் டாக்டரிடம் காட்ட வேண்டும். நான்தான் கூட்டிப் போகிறேன், தாரணியும் வருவாள். போன வாரம் போனோம். டாக்டர் எப்போதும் கேட்கிற கேள்விதான். உட்கார வைத்து மூணு வார்த்தை சொல்வார். மாம்பழம், சாவி, ரயில். கொஞ்ச நேரம் வேறு என்னமோ பேசிவிட்டு அந்த மூணையும் திருப்பிக் கேட்பார்.

"இது என்ன மாசம், பூபதி?"

"ஜனவரி."

வெளியே மழை கொட்டுகிறது. ஐப்பசி மழை. அவனுக்கு இன்னும் ஜனவரி. பொள்ளாச்சியிலேயே நிற்கிறான்.

"நான் சொன்ன மூணு வார்த்தை?"

"சாவி." நிறுத்தினான். "சாவிங் டாக்டர்."

"பரவால்ல. போன மாசத்துக்கு இது தேவலை." டாக்டர் என்னமோ எழுதினார். அப்புறம், சும்மா கேட்கிற மாதிரி கேட்டார். "இந்த ஆஸ்பத்திரிக்கு உங்களை முதல்ல கொண்டாந்து சேர்த்தது யாருன்னு ஞாபகம் இருக்குதா?"

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பூபதி என்னைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். சேலத்தில் அந்தக் காலி மேடையைப் பார்த்தானே, அந்தப் பார்வை. அப்புறம் முகம் தெளிந்தது. சிரித்தான். பொள்ளாச்சிக்கு அப்புறம் அவன் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

"வின்சென்ட் அண்ணன்."

தாரணி தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டர் என்னைப் பார்த்தார், சரியா தப்பா என்று. சரி என்றால் ஒரு குறி போடுவார், தப்பு என்றால் ஒரு குறி.

என் வேன். ஓட்டினது நான். கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனது நான். ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டது நான். அவன் அன்றைக்கு ஆஸ்பத்திரிப் பக்கமே வரவில்லை. மைதானத்தில் தடைக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். தப்பைத் தப்பு என்று சொல்ல வேண்டுமா இல்லையா?

டாக்டர் பேனாவைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

"சரிங்களா பெரியவரே? யாரு கொண்டாந்தது?"

"சரிதானுங்க" என்றேன். "வின்சென்ட்."